கிம்பர்லியின் இரண்டு கோப்பைகள்

தென்னாப்பிரிக்க மாகாண அணிகள் மோதும் ரக்பி வாகையர் போட்டிக்குக் கர்ரி கோப்பை என்று பெயர். தமிழ்ச் செவிக்குச் சமையலறை நினைவு வருமானால் அது வெறும் ஒலி ஒப்புமை. ஆங்கிலத்திற்குத் தமிழ் தந்த 'கறி'க்கும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயராகிய 'கர்ரி'க்கும் உறவில்லை.

சர் டொனால்டு கர்ரி கப்பல் நிறுவன அதிபர். 1891இல் பிரிட்டிஷ் அணி அவருடைய கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோது, தங்களை மிகச் சிறப்பாக எதிர்த்தாடும் அணிக்கு வழங்குமாறு ஒரு பொற்கோப்பையைக் கொடுத்தனுப்பினார். வந்தவர்கள் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அவர்களிடம் 3-0 என்ற கணக்கில் மட்டுமே வீழ்ந்த கிரிக்குவாலாந்து வெஸ்ட் அணிக்குக் கோப்பை கிடைத்தது. தோற்றவர் கையில் தொடங்கிய கோப்பை என்பது அதன் வரலாற்றில் சுவையான செய்தி. அவ்வணி அதை ரக்பி வாரியத்திடம் ஒப்படைக்க, 1892இல் தேசியப் போட்டி தொடங்கியது. ஆடியவர் அனைவரும் வெள்ளையர்.

அதே 1892இல் கேப் காலனியின் பிரதமர் செசில் ரோட்ஸ், வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை 25 பவுனிலிருந்து 75 பவுனாக உயர்த்தினார். கறுப்பின வாக்காளர் பலர் பட்டியலிலிருந்து விழுந்தனர். கிரிக்குவாலாந்து வெஸ்டின் தலைநகரும் வைரச் சுரங்க நகருமான கிம்பர்லியில், 1897இல் வெள்ளையரல்லாதார் தமக்கென ஒரு தென்னாப்பிரிக்க ரக்பி வாரியத்தை நிறுவினர். அதற்குக் கோப்பை வழங்கியவரும் அதே ரோட்ஸ்தான். ரோட்ஸ் கோப்பைக்கான முதல் போட்டி 1898இல் நடந்தது. வாரியச் செயலாளர் ஐசையா பட்-ம்பெல்லே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், பன்மொழி வல்லுநர், 1903இல் கோசா மொழி பயில்வோர்க்குத் துணைநூலும் வெளியிட்டார். மொழியியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

இரு வாரியங்களும் 'தென்னாப்பிரிக்க' என்றே தம்மை அழைத்துக்கொண்டன. பின்னதன் பெயரில் மட்டும் 'கலர்டு' என்ற அடைமொழி வழங்கலாயிற்று. செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டென்பது பொருள். இலக்கணிகள் இதை இனமுள்ள அடை என்பர். இங்கோ 'செந்தாமரை'க்கு எதிர்நின்றது 'வெண்டாமரை' என்று பெயர் பெறவில்லை. வெறும் 'தாமரை' என்றே நின்றது. வெள்ளையர் வாரியம் எந்த அடையும் ஏற்காமலே, தன் கோப்பையைத் தேசத்தின் கோப்பையாக்கிக்கொண்டது. வாக்குரிமைச் சட்டத்தைவிட நுட்பமான விலக்கு இதுவே எனலாம். இதை எவரும் இயற்ற வேண்டியிருக்கவில்லை.

இரு தரப்பும் 1992இல் ஒரே அமைப்பாக இணைந்தன. கர்ரி கோப்பை எல்லோருக்கும் உரியதாயிற்று. ஆனால் இன்றும் தேசிய வாகையர் பட்டியல் எனப்படுவது 1892இல் வெஸ்டர்ன் பிராவின்ஸ் அணியுடன் தொடங்கும் பட்டியல்தான். ரோட்ஸ் கோப்பைக்கு ஆடிய அணிகளிலும் வெஸ்டர்ன் பிராவின்ஸ் என்றொன்று இருந்தது. அதே ஊர், அதே பெயர். 1898 என்ற ஆண்டுக்கு எதிரே அப்பெயரைக் காண்பவர், எந்த வெஸ்டர்ன் பிராவின்ஸ் என்று கேட்டாக வேண்டும்.