மணிக்கு ஒருமுறை, 20 விநாடி

பன்றி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் தீவனத்துக்கு அடுத்தபடியாக வருவது இதுதான்: "தாய்க்கு மடி நிறையப் பால் இருக்கிறது. குட்டிகளும் நல்லபடியாகத்தான் பிறந்தன. ஆனாலும் முதல் வாரத்திலேயே மூன்று, நான்கு செத்துப்போகின்றன. ஏன்?" எங்கள் கொட்டகையைப் பார்க்க வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். இதற்கான பதிலில் பாதியைக் கால்நடை மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மீதியை இரண்டு ராத்திரி கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் நாமக்கல் மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம். இன்றைக்கு ஐந்து தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. நான் சொல்லப்போவது, இரண்டு மட்டுமே இருந்த காலத்தில் நடந்தது. இரண்டும் வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பு. கொட்டகை கட்டுவதற்காக என் வளையல்கள் அடகில் இருந்தன. மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். முதல் ஈத்தில் 11 குட்டி பிறந்து 7தான் தேறியது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "நோய் எதுவும் இல்லைம்மா. பன்றிக்குட்டி முதல் மூணு நாள்ல சாகுறது பெரும்பாலும் மூணு காரணத்தால. பசி, குளிர், தாய் மேலே படுத்து நசுங்குறது. மூணும் ஒண்ணுக்கொண்ணு சேர்ந்தே வரும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கிற மனிதர். "இன்னொரு ஈத்து பார்ப்போம். இதே கதின்னா வித்துப்போட்டு எருமை வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

பசு மடி வேறு, பன்றி மடி வேறு

மாடு வளர்த்த பழக்கத்தில்தான் நாம் பன்றியையும் பார்க்கிறோம். பசுவின் மடியில் பால் தேங்கி நிற்க இடம் உண்டு. கன்று எப்போது வாய் வைத்தாலும் கொஞ்சமாவது கிடைக்கும். பன்றியின் மடியில் அப்படித் தேங்கும் பை கிடையாது. 12 முதல் 16 காம்புகள் வரை இருக்கும். ஒவ்வொரு காம்புக்கும் தனித்தனிச் சுரப்பி. ஒரு காம்பின் பால் இன்னொன்றுக்குப் போகாது. தாய் தானாகப் பாலை இறக்கினால்தான் உண்டு. அப்படி இறங்குவது சுமார் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பால் வருவது 10 முதல் 20 விநாடி வரைதான்.

அந்த 20 விநாடியில் காம்பை வாயில் வைத்திருக்கிற குட்டிக்குப் பால். தூங்கிப்போனதற்கும், குளிரில் நடுங்கி மூலையில் கிடந்ததற்கும் அடுத்த மணி நேரம் வரை ஒன்றும் இல்லை. இரண்டு முறை தவறினால் குட்டி சோர்ந்துவிடும். சோர்ந்த குட்டி வெதுவெதுப்புத் தேடித் தாயின் வயிற்றை ஒட்டியே கிடக்கும். தாய் எழுந்து மறுபடி படுக்கும்போது விலக அதற்குத் தெம்பு இருக்காது. மருத்துவர் மூன்றும் சேர்ந்தே வரும் என்றது இதைத்தான்.

முதல் ராத்திரி: சீம்பால்

பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டால் மறக்காது. ஐப்பசி மாதம் ஒரு நாள் காலையிலேயே மூத்த பன்றி வைக்கோலை வாயில் கவ்விக் கவ்வி ஒரு மூலையில் சேர்க்க ஆரம்பித்தது. காம்பை அமுக்கினால் பால் துளிர்த்தது. மாலை 4 மணிக்கு முதல் குட்டி. இரவு 8 மணிக்குள் 13 குட்டிகள். காம்புகள் 14 இருந்தாலும், இரண்டு குருட்டுக் காம்பு. ஆக 12 இடத்துக்கு 13 பேர்.

முதல் நாள் மட்டும் இந்த மணிக்கணக்கு இல்லை. பிறந்த சில மணி நேரத்துக்குச் சீம்பால் ஏறத்தாழ எப்போதும் வந்துகொண்டே இருக்கும். குட்டியும் பிறந்த சில நிமிடத்தில் தொப்புள்கொடியை இழுத்துக்கொண்டே மடியைத் தேடி வந்துவிடும். இந்தச் சலுகை ஒரு நாளுக்குத்தான். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. பன்றிக்குட்டிக்கு அப்படி வருவதில்லை. சீம்பாலில் மட்டுமே வரும். அதையும் குடல் உள்ளே வாங்கிக்கொள்வது முதல் 24 மணி நேரம் போலத்தான். ஒரு குட்டிக்கு அந்த நாளில் 200 முதல் 250 கிராம் வரை சீம்பால் போக வேண்டும் என்றார் மருத்துவர்.

எல்லாவற்றிலும் சின்னது 900 கிராம்கூட இல்லை. சமையலறைத் தராசில்தான் எடை போட்டேன். எங்கள் அத்தை பார்த்துவிட்டு, "இது சவலைம்மா, நிக்காது" என்றார்.

மருத்துவர் போனில் சொன்னபடி செய்தேன். முதலில் பிறந்து வயிறு நிறையக் குடித்த பெரிய குட்டிகள் ஆறைச் சாக்கு விரித்த பெட்டியில் போட்டு, மேலே 100 வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் சின்னவை மட்டும் போட்டியில்லாமல் குடித்தன. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக விட்டேன். விடிவதற்குள் இதை மூன்று முறை செய்தேன். சவலைக் குட்டியைக் கையில் பிடித்துக் காம்பில் வைத்தால் குடித்தது. விட்டால் மற்றவை தள்ளிவிட்டன.

யாரை மாற்றுவது?

மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு இளைய பன்றி ஈன்றது. 8 குட்டிகள். அதற்கும் 12 நல்ல காம்புகள். இங்கே 13, அங்கே 8. இரண்டை மாற்றிவிட வேண்டியதுதான் என்பதில் எங்களுக்குள் பேச்சில்லை. எதை மாற்றுவது என்பதில்தான் பேச்சு.

"நோஞ்சானைத் தூக்கி அங்க உடு. அங்கதான் இடம் காலியா கெடக்குதே" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லீங்க, பெருசா இருக்கறதுல ரெண்டைத்தான் மாத்தணும்னு டாக்டர் சொல்றாருங்க."

"நல்லா இருக்கற குட்டியைப் போய் எதுக்குப் புள்ள அடுத்தது கிட்ட விடோணும்?"

காரணம் இதுதான். புதுத் தாய், புது வாசனை, புதுக் குட்டிகள். அங்கே போய் முட்டிமோதி ஒரு காம்பைப் பிடிக்கப் பெரிய குட்டிக்குத்தான் பலம் உண்டு. சின்னது அங்கேயும் தோற்றுத்தான் போகும். தாய் மாற்றுவது என்றால் சொந்தத் தாயின் சீம்பால் நன்றாகக் குடித்த பிறகு, ஒன்றிரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: இது உங்கள் கொட்டகைக்குள் மட்டும்தான். அடுத்த பண்ணைக் குட்டியை வாங்கிவந்து சேர்த்தால் நோயும் கூடவே வரும்.

பிற்பகலில் பெரிய குட்டிகள் இரண்டையும், இளைய பன்றியின் எட்டையும் ஒரே கூடையில், அந்தக் கொட்டிலின் வைக்கோலோடு சேர்த்து அரை மணி நேரம் வைத்தோம். வாசனை கலந்த பிறகு பத்தையும் ஒன்றாக விட்டோம். அது முகர்ந்து பார்த்தது, படுத்துவிட்டது. இப்போது இங்கே 11, அங்கே 10.

இரண்டாம் ராத்திரி: நோட்டும் கடிகாரமும்

அன்றிரவுதான் மகளின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூத்த பன்றி பால் கொடுத்த நேரத்தை எழுதி வைத்தேன்: 10.10, 10.55, 11.50, 12.40, 1.25... விடியும்வரை இப்படியேதான். நாம் தூங்குகிறோம், அவற்றுக்கு ராத்திரியும் பகல்தான்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கு. தாய் ஒருக்களித்துப் படுத்து மெதுவாக உறுமத் தொடங்கும். அது கூப்பிடுகிற குரல். குட்டிகள் ஓடிவந்து மூக்கால் மடியை முட்டும். ஒரு நிமிடம் போல முட்டிக்கொண்டே இருக்கும். திடீரென்று உறுமல் வேகம் பிடிக்கும். அதிலிருந்து ஏறத்தாழ 20 விநாடியில் பால் இறங்கும். அந்த நேரத்தில் குட்டிகளிடம் சத்தமே இருக்காது. கத்தல், சண்டை எல்லாம் நின்று, வாய் மட்டும் வேகமாக ஆடும். முடிந்ததும் மறுபடி முட்டல். குடித்த பிறகும் எதற்கு முட்டுகிறது என்று கேட்டேன். அந்தக் காம்பில் இனிமேல் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதற்கு அந்த முட்டலும் ஒரு தூண்டுதல் என்று கருதுகிறார்கள் என்றார் மருத்துவர்.

சில முறை உறுமல் வேகம் பிடிக்காமலே தாய் எழுந்துவிட்டது. அந்த வேளை பால் இல்லை. ஆகவே குட்டிகள் மடியில் மொய்க்கின்றன என்பதை வைத்துப் பால் குடித்துவிட்டன என்று முடிவு செய்யக் கூடாது. அந்த அமைதியான 20 விநாடி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

அவரவர் இடம்

மூன்றாம் நாளில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு காம்பு என்று முடிவாகிவிட்டது. பால் மறக்கும்வரை அதே காம்புதான். முதலில் எல்லாமே தலைப்பக்கக் காம்புகளுக்குத்தான் அடித்துக்கொண்டன. பிறக்கும்போதே எட்டு ஊசிப்பற்கள் இருப்பதால் முகத்தில் கீறல் விழும். இடம் முடிவானதும் சண்டை குறைந்துவிட்டது.

எந்தக் குட்டியும் வாய் வைக்காத காம்பு இரண்டு, மூன்று நாளில் வற்றிப்போகும். அந்த ஈத்து முழுக்க அது திரும்பாது. அதனால்தான் முதல் இரண்டு நாள் அவ்வளவு முக்கியம். சவலைக் குட்டிக்குக் கடைசிக்கு முந்தின காம்பு கிடைத்தது. நல்ல இடம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது அதன் இடம். உறுமல் கேட்டதும் நேராக அங்கேதான் ஓடியது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

கூப்பிடும் குரல் கேட்டால்தான் குட்டி வரும். மின்விசிறி இரைச்சல் அதிகமாக இருந்தால் தாய்க்கும் குட்டிக்கும் இடையே இந்தப் பேச்சு கெட்டுப்போகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கொட்டகைச் சுவரை ஒட்டி இருந்த மோட்டாரைத் தள்ளி வைத்தோம். முதல் வாரம் வேடிக்கை பார்க்க யாரையும் விடுவதில்லை. கொட்டகை கழுவுவது, தீவனம் வைப்பது எல்லாம் ஒரு பால் வேளை முடிந்த பிறகுதான்.

குட்டிக்கு முதல் சில நாள் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். தாய்க்கு அந்த வெப்பம் ஆகாது. ஆகவே கொட்டில் முழுவதையும் சூடாக்காமல், ஒரு மூலையில் தாய் நுழைய முடியாத பெட்டி, அதற்குள் பல்பு. தாய்க்குக் குடிக்கத் தண்ணீர் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் போகும். தண்ணீர் குறைந்தால் பால் குறையும். ஆனால் தரை ஈரமாகக் கூடாது. சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி, தரையிலிருந்தும் அதே உயரத்தில் சுற்றிலும் தடுப்புக் குழாய் வைத்தோம். தாய் சுவரோடு சாய்ந்து படுத்தாலும் குட்டி ஒதுங்க இடம் இருக்கும்.

தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மூன்றாம் நாள் மருத்துவரை வைத்து இரும்புச்சத்து ஊசி போட்டுவிடுகிறோம். ஈன்ற இரண்டு, மூன்று நாளுக்குள் தாய் தீவனம் எடுக்காமல், மடி சூடாகக் கல்போல இருந்து, காம்பைக் காட்டாமல் குப்புறப் படுத்தால் அது காய்ச்சல். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பால் நின்றால் குட்டிகள் ஒரு நாள்கூடத் தாங்காது.

அந்த ஈத்தில் 21க்கு 20 தேறின. இளைய பன்றியிடம் ஒன்று மூன்றாம் இரவு கொட்டிலின் நடுவில் நசுங்கிவிட்டது. தடுப்புக் குழாய் நடுவில் உதவாது. 45ஆம் நாள் வியாபாரி வந்து 19ஐ எடுத்துக்கொண்டார். சவலைக் குட்டி ஆறரை கிலோ இருந்தது. மற்றவை பத்தை ஒட்டி இருந்ததால் அதை ஒதுக்கிவிட்டார். அதை நாங்களே வளர்த்து, மற்றவற்றைவிட இரண்டு மாதம் பிந்தி விற்றோம். வளையல் வீட்டுக்கு வந்தது, மகளின் பீஸும் கட்டியாயிற்று. எருமைப் பேச்சை என் வீட்டுக்காரர் அதன்பிறகு எடுக்கவில்லை. இப்போது குட்டி போட்ட இரவு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவது அவர்தான்.

கேள்வி கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மடியில் பால் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். குட்டிகளை எண்ணுங்கள், வேலை செய்கிற காம்புகளை எண்ணுங்கள். முதல் நாள் எல்லாவற்றின் வயிற்றிலும் சீம்பால் போயிற்றா என்று பாருங்கள். இரண்டாம் இரவு ஒரு கடிகாரத்தோடு உட்கார்ந்து, அந்த 20 விநாடியில் எந்தக் குட்டி வெளியே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் இழக்கப்போவது அந்தக் குட்டியைத்தான். அதைக் காப்பாற்ற அந்த இரவில் இன்னும் நேரம் இருக்கும்.