தாளிக்காத நாட்கள்

"சிங்கப்பூர்ல உனக்கென்னடி குறைச்சல்? கறிவேப்பிலை கூடக் கிடைக்குமாமே!" என்பார் என் நாத்தனார். கிடைக்கும்தான். தேக்கா மார்க்கெட்டில் வாழைப்பூ கூட வாங்கலாம். ஆனால் 2015 செப்டம்பரில், வாங்கி வந்த கடுகைத் தாளிக்க முடியாமல் நான் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியும்?

அவர் துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். அங்கே வேலை குறைந்ததும் ஜூராங்கில் வேலை தேடிக்கொண்டார். பின்னாலேயே நாங்களும் போனோம். ஒன்பதாவது மாடியில் வாடகை வீடு. பெரியவள் ஒன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு எட்டு மாதம்.

அந்த வருடம் சுமத்ராவிலும் களிமந்தானிலும் காடு எரிந்தது. அங்குள்ளது மட்கிய இலைதழை மண்ணாம். மேலே அணைத்தாலும் அடியில் கனன்று கொண்டே இருக்குமாம். அந்தப் புகை கடல் தாண்டி வந்து ஊரையே மூடியது. ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக் தெரியவில்லை. பி.எஸ்.ஐ. என்று மணிக்கொரு தரம் ஓர் எண் சொல்வார்கள். நூறைத் தாண்டினால் உடம்புக்கு ஆகாது. முந்நூறைத் தாண்டினால் ஆபத்து. செப்டம்பர் 24 ஹஜ்ஜுப் பெருநாள். எதிர் வீட்டு மலாய்ப் பாட்டி பலகாரம் கொண்டு வந்தார். மறுநாள் எண் முந்நூறுக்கு மேல்! பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விடுமுறை விட்டார்கள்.

அன்று ராத்திரி சின்னவனுக்கு இளைப்பு. நெஞ்சு பூனை மாதிரி கர்கர்ரென்றது. அவருக்கோ நைட் ஷிப்ட். பெரியவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து ஓடினேன். நெபுலைசர் வைத்த டாக்டர், "வீட்டுக்குள்ளும் புகை வேண்டாம். வறுப்பது, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்றார். அப்புறம் என்ன, தாளிக்காத ரசம், வெந்த காய், தயிர் சாதம். ஊதுபத்தி இல்லாத வெள்ளிக்கிழமைகள். பெரியவள் தட்டைப் பார்த்து அழுதாள். எனக்கும் அழுகைதான், அவளுக்குத் தெரியாமல்.

மழை பெய்து புகை அடங்கியதும் தீபாவளிக்குத் துவாக்குடி வந்தோம். எண்ணெய்க் குளியல் முடிந்தது. அத்தை கரண்டி நெருப்பில் சாம்பிராணியைத் தூவிக்கொண்டு சின்னவனைத் தூக்க வந்தார்.

"அத்தை, இவனுக்கு மட்டும் வேண்டாம்."

"தலைக்கு ஊத்தின புள்ள, சளி பிடிக்காதா? உன் புருஷன் இந்தப் புகையிலதான் வளர்ந்தான்!"

அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இந்த ஆண்களே இப்படித்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அத்தையை எதிர்த்துப் பேசியதில்லை. கை நடுங்கியது. ஆனாலும் அந்த ராத்திரியையும் டாக்ஸியையும், அவன் விலா உள்வாங்கியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். போனில் "கொஞ்சம் சளி" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அத்தை பேசவே இல்லை. கரண்டியைக் கொல்லையில் வைத்துவிட்டு வந்து, மாமாவின் பழைய வேஷ்டியால் பேரன் தலையை ஈரம் போகத் துவட்டினார். மத்தியானம் வரை என்னோடு பேச்சில்லை. பரிமாறும்போது மட்டும், "ரசத்துல ரெண்டு தாளிப்பு போட்டிருக்கேன், சாப்பிடு" என்றார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் சிங்கப்பூரில் மறுபடியும் லேசாகப் புகை. செய்தியில் பார்த்துவிட்டாரோ என்னவோ, போனை எடுத்ததும் அத்தையின் முதல் கேள்வி: "இன்னிக்கு நம்பர் எத்தனை?"