பொங்கற் பானையைத் தேடி

தைப்பொங்கலன்று பானையிலே பால் பொங்கி வழியும் காட்சியைக் காண்பதற்காகவே விடியுமுன் எழும் வழக்கமுடையோர் நாம். சென்ற ஆண்டு எமது வெள்ளவத்தை வீட்டிலே பால் பொங்கவில்லை, அடிவழியே ஒழுகிற்று. நான்காம் மாடியில் குடியிருப்போருக்கு முற்றம் ஏது? எரிவாயு அடுப்பின்மேல் ஏற்றிய புதுப்பானை சடாரென்று வெடித்தது. பால் அடுப்பையும் அணைத்துவிட்டது. எண்பது வயதை அடைந்த எம் அன்னையார் ஒரு சொல்லும் சொன்னாரல்லர். மேற்படிப்பின் பொருட்டுக் கடல்கடந்து செல்லவிருந்த பேர்த்தியின் முகத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். பேர்த்தி சுகமே போய்ச் சேர்ந்து நன்றாகவே படித்து வருகின்றாள். ஆயினும் இம்முறை மார்கழி பிறந்ததும், “அலுமினியப் பானையே போதும், தம்பி” என்றார் அன்னையார். அக்குரலில் இருந்த சோர்வை எம்மாற் பொறுக்க இயலவில்லை. இரசாயனம் கற்பிக்கும் நாம், ஒரு பானை ஏன் வெடித்தது என்பதற்குக் காரணம் கூற முடியாமல் நின்றது வேறு உறுத்திற்று.

அப்பானையை வாங்கிய இடம் கொட்டாஞ்சேனை. அங்கே நடைபாதையிற் பானை பரப்பியிருந்த அம்மையாரை விசாரித்தபோது, “கண்டி வீதிச் சரக்கு, ஐயா” என்று விடை வந்தது.

திரும்பும் வழியிற் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்திற் சற்று அமர்ந்தோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீண்டும் எழுப்பிய கோயில் அது. இராமநாதனுக்கு மாமன் மகன், 1877இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலைப்பேரறிஞர் என்றே அவரை நாம் அறிவோம். அவர் முதலிலே மண்ணையும் கல்லையும் ஆராய்ந்தவர் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதற் பணிப்பாளரானார். தாதுக்களைத் தேடி ஊரூராய் அலைந்தபோதே கிராமத்துக் கைவினைஞரைக் கண்டார். 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலிலே குயவர் தொழிலையும் எழுதிவைத்தார். அவர் அன்று தொடக்கிவைத்த அலுவலகத்தின் வழிவந்ததே இன்றைய புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். களிமண் அகழ்வதற்கு இன்று அனுமதிப்பத்திரம் வழங்குவதும் அப்பணியகமே!

அடுத்த சனிக்கிழமை, மாணவர் இருவரை உடனழைத்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினோம். கஜுகமவிலே வீதியோரம் மரமுந்திரிகைப் பருப்பு விற்கும் பெண்களைக் கண்டதும் மாணவர்களுக்குப் பானை மறந்துபோயிற்று. அதை விவரிக்கப் புகின் கட்டுரை நீளும். கேகாலையை அண்மிய மொலகொடையில் இறங்கினோம். வீதியின் இரு மருங்கிலும் மண்பாண்டக் கடைகள்: குடங்கள், சட்டிகள், விளக்குகள், யானைப் பொம்மைகள், வர்ணம் பூசிய பூச்சாடிகள்.

கடையொன்றின் பின்புறத்தே முதியவர் ஒருவர் வனைந்துகொண்டிருந்தார். எமக்குத் தெரிந்த சிங்களத்தில் வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் சக்கரத்தை நிறுத்தாமலே, “என்ன அடுப்பு?” என்று கேட்டார். பானையைப் பற்றி வினவுவார் என்று எதிர்பார்த்த எமக்கு அது வியப்பளித்தது. எரிவாயு என்றோம். “பானை வழுவழுப்பாக, வர்ணப் பூவுடன் இருந்ததா?” ஆம் என்றோம். முதியவர் சிரித்தார். “அது பூ வைக்கச் செய்தது, சோறாக்க அன்று.”

பின்னர் அவர் விளக்கியதை எமது பாடத்தோடு பொருத்திக் கூறுகின்றோம். வயற்புறத்துக் களிமண்ணை அப்படியே வனைந்தால் உலரும்போதே வெடிக்கும். ஆதலால் மணல் கலந்து மிதித்துப் பிசைகின்றனர். சமையற் பானைக்கு மணல் கூடுதல். அலங்காரச் சாடிக்குக் குறைவு. பானையின் ஒரு புறம் சூடேறி விரிந்து, மறுபுறம் குளிர்ந்தே கிடந்தால் கீறல் பிறக்கின்றது. மணற்றுகளும் நுண்துளையும் நிறைந்த சுவரிலே அக்கீறல் ஓட வழியின்றி நின்றுவிடும். நெருக்கமான வழுவழுப்புச் சுவரிலோ முனை தொட்டு முனை வரை ஓடும். கண்ணுக்கு அழகாகத் தோன்றியதே எம்மை ஏமாற்றிற்று.

வனைந்த பானையின் அடி முதலிலே தடித்திருக்கும். பாதி உலர்ந்தபின் உள்ளே ஒரு கல்லைத் தாங்கி, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மெல்லியதாக்கி உருட்டுகின்றனர். மூலையில்லாத அவ்வுருண்டை அடியிலே சூடு சீராகப் பரவும். மாணவர் ஒருவர் தட்டிப் பார்க்க ஆசைப்பட்டுப் பலகையைப் பானைக்குள் இறக்கிவிட்டார்! முதியவர் கோபிக்கவில்லை, அம்மண்ணைப் பிசைந்து மீண்டும் குவியலில் இட்டார்.

சூளையைப் பார்த்தபோது அந்தி சாய்ந்துவிட்டது. கவிழ்த்து அடுக்கிய பானைகளின் மேல் வைக்கோலும் உடைந்த ஓடுகளும் மூடியாக இருந்தன. கீழே தேங்காய்ப் பொச்சு புகைந்துகொண்டிருந்தது. வெயிலில் உலர்ந்த பானையிலும் ஈரம் எஞ்சியிருக்கும். அது ஆவியாகி மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டுத் தீயை மூட்டினால் அடுக்கு முழுவதும் நொறுங்கும். பொச்சுப் புகையின் பின்னரே றப்பர் மர விறகு. சூடு 500 பாகை செல்சியசை அணுகி மேலேறும்போது, களிமண்ணோடு இரசாயன முறையிற் பிணைந்த நீரும் பிரிகின்றது. அதன்பின் அது மண்ணாய்க் கரையாது. மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து சிவக்கும். காற்றை அடைத்தால் கறுக்கும். வெப்பமானி எதுவும் அங்கில்லை. விறகு வாயினூடே நிறத்தைப் பார்த்தே முதியவர் தீயை அளந்தார்.

அவருடைய மகன் கொழும்பிலே முச்சக்கர வண்டி ஓட்டுகின்றானாம். “2022இல் எரிவாயு இல்லாதபோது மண் அடுப்பும் சட்டியும் கேட்டு ஆட்கள் தேடி வந்தார்கள். எரிவாயு வந்தது, ஆட்கள் போய்விட்டார்கள்” என்றார் முதியவர். குறையாக அன்று, மழை பெய்து நின்றதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

உருண்டை அடியுள்ள, சற்றுச் சொரசொரப்பான மூன்று பானைகளை வாங்கி, வைக்கோல் சுற்றி, மடியிலே சுமந்து வெள்ளவத்தை வந்து சேர்ந்தோம். புதுப்பானையை ஓரிரவு நீரில் ஊறவைக்கும்படியும், தீயைச் சிறிதாகத் தொடங்கிச் சுற்றிலும் படரவிடும்படியும் முதியவர் சொல்லியனுப்பியதை அன்னையாரிடம் எடுத்துரைத்தோம். “இதைச் சொல்லித்தர மொலகொடை வரை போனாயா?” என்றார். ஊரிலே மூன்று கல்லின்மேல் பானை வைத்து, தென்னம்பாளை எரித்துப் பொங்கியவர் அல்லவா! எமக்கு நாணமாயிருந்தது.

அவர் பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரல்மொட்டாற் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். முதலிரண்டையும் தரையில் வைத்தார். மூன்றாவது மணியாய் ஒலித்தது. அதை மடியிலிருந்து இறக்காமலே, “மொட்டைமாடித் திறப்பு யாரிடம் இருக்கிறது? மூன்று செங்கல் வேண்டும்” என்றார்.