கத்தரிக்கோலின் எஃகும் ஒரு பாடமே



தங்காக் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவன துணிக்கடைகள். துணி வெட்டும் கத்தரிக்கோலை இவ்வூரில் அறியாதார் இலர். முடிதிருத்தும் கத்தரிக்கோல் அதனினும் வேறுபட்டது என்பதைச் சிந்திக்க வைத்தவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். எஸ்.பி.எம். முடித்து அவர் முடிதிருத்தும் தொழில் பயிலச் சேர்ந்தார். "படித்த பிள்ளை இதற்கா போகவேண்டும்?" என்று அவர்தம் தாயார் வருந்தினார். மாணவரோ, "சார், எந்த எஃகில் செய்த கத்தரிக்கோலை வாங்குவது?" என்று கேட்டார்.

அக்கேள்விக்குள் ஓர் அறிவியல் பாடமே அடங்கியிருந்தது.

உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் பழைய வண்டிகளின் இரும்பைக்கொண்டு கத்தரிக்கோல் செய்கின்றனர். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய கார்பன் எஃகு உலர்ந்த துணிக்கு ஏற்றது. முடிதிருத்துநரோ ஈர முடியையும் வெட்டுகிறார். கிருமிநாசினியிலும் கருவியைத் தோய்க்கிறார். ஆகவே, துருவைத் தடுக்கும் குரோமியம் அவருக்கு இன்றியமையாதது. எஃகைக் கடினமாக்குவது கார்பன்.

விலை குறைந்த 420 வகையில் கார்பன் குறைவு. கூர் விரைவில் மழுங்கும். மழுங்கிய அலகு முடியை வெட்டாமல் மடக்கித் தள்ளும், வாடிக்கையாளருக்கு வலிக்கும். 440சி வகையில் கார்பன் ஏறத்தாழ 1 விழுக்காடு, குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு. ராக்வெல் அளவில் அதன் கடினம் 58 முதல் 60 வரை அமையும். ஜப்பானின் விஜி-10 எஃகில் கோபால்ட்டும் உண்டு, கூர் நெடுநாள் நிற்கும், விலையும் மிகுதி.

எனினும், கடினம் கூடக்கூட உடையும் தன்மையும் கூடும். கைதவறி விழுந்தால் முனை சிதையலாம். தேர்ந்தவரே சாணை பிடிக்கவேண்டும். வண்ணமயமான டைட்டானியம் வெறும் மேற்பூச்சே. கூரைத் தாங்குவது உள்ளிருக்கும் எஃகு.

இவற்றையெல்லாம் எடைபோட்ட மாணவர், பயில்பவருக்கு 440சி போதும் என முடிவு செய்தார். எஃகின் பெயரையும் கடின அளவையும் எழுத்தில் தரும் கடையில்தான் வாங்கினார்.

பெற்றோர்களே, கைத்தொழிலுக்குச் செல்லும் பிள்ளை படிப்பை விட்டுவிட்டதாக எண்ணாதீர்கள். ஆசிரியர்களே, பொருள்களின் தன்மையைக் கற்பிக்கும் நாளில் ஒரு கத்தரிக்கோலையும் மேசைமீது வையுங்கள். முடிதிருத்துநரின் பிள்ளை அவ்வகுப்பில் தலைநிமிர்ந்து விடை சொல்லட்டும்.