உப்புத் தின்ற வயர்

நயினாதீவில் வீட்டு நெற் இழுபட்டால் முதல் ஏச்சு கம்பனிக்கு, அடுத்தது ரவருக்கு. கூரையிலிருந்து இறங்கும் வயரை யாரும் நினைப்பதில்லை. தீவுப்பகுதியில் கேபிள் வேலை செய்யும் வேலணை இளைஞர் ஒருவரோடு குறிகட்டுவானில் படகேறினேன். அவருடைய வரிசை வேறு. "முதல் வயர், பிறகு கனெக்ரர், பிறகு கரண்ட். கம்பனிக்குப் போன் எடுக்கிறது எல்லாத்துக்கும் பிறகுதான் அண்ணை."

வேலணை, ஊர்காவற்துறை, புங்குடுதீவு எல்லாம் யாழ்ப்பாணத்தோடு தரைவழி தொடுத்தவை. குறிகட்டுவானோடு தார்வீதி முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரம், நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடல். அதனால் அவருடைய பையில் எல்லாம் இரட்டிப்பாக இருந்தன: கிரிம்பர், ரெஸ்ரர், கைநிறையக் கனெக்ரர்கள், அவரே இறுக்கிய குட்டைக் கேபிள்கள். நெடுந்தீவில் ஒரு சின்னச் சாமான் குறைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்றார்.

நாங்கள் போனது கனடாக் காசில் எழும்பிய மாடிவீடு. கூரைக் குழாயில் 4ஜி அன்ரெனாப் பெட்டி, அதிலிருந்து ஏறத்தாழ 40 மீற்றர் கேபிள் சுவர்வழியே இறங்கி விறாந்தை ரவுட்டருக்கு வருகிறது. வீட்டு அம்மா வாசலிலேயே தொடங்கிவிட்டார். "பூட்டின நாளே பெரிசா ஓடேல்லைத் தம்பி. இப்ப இன்னும் மோசம். பேரப்பிள்ளையின்ர முகம் அப்பிடியே நிண்டுடும், குரல் மட்டும் வரும். மகன் பக்கேஜைக் கூட்டியும் பாத்திட்டான்."

"பக்கேஜில பிழை இல்லை அன்ரி. நான் மேல ஏறிப் பாத்திட்டுச் சொல்லுறன்."

எக்ஸ்ரென்சன் வயரில் கூரைக்குக் கரண்ட் எடுத்து, தன் குட்டைக் கேபிளால் அன்ரெனாப் பெட்டியை நேரே மடிக்கணினியில் பூட்டினார். வேகம் 40 மெகாபிற்றுக்குக் கிட்ட. அதே கணினியைக் கீழே கொண்டுவந்து வீட்டுக் கேபிளில் பூட்டினால் 7. ரவரும் கம்பனியும் அந்த நிமிடமே குற்றத்திலிருந்து விடுபட்டன. 100 மெகாபிற்றில் நிற்கவேண்டிய கேபிள் இணைப்பு 10 இல் நிற்பதையும் திரையில் காட்டினார்.

கூரைப் பக்கக் கனெக்ரரைக் கழற்றியபோது அதன் பொன்நிறப் பற்களில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் உப்பு கூரையெல்லாம் ஏறிவிடும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் பற்களின் மெல்லிய முலாம் தேய்ந்த இடத்தில் அரிப்புத் தொடங்கும், தொடுகை கெடும். அனுப்பிய தரவு சிதையும், திரும்பத் திரும்ப அனுப்பவேண்டி வரும். வீட்டுக்காரருக்கு அது "ஸ்லோ" என்று தெரியும்.

களிம்போடு அவர் நிறுத்தவில்லை. நுனியை வெட்டிவிட்டு, உள்ளே வயர்கள் அடுக்கியிருந்த ஒழுங்கைப் பார்த்துத் தலையாட்டினார். நெற் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு சோடி. இந்தத் தொழிலில் மனப்பாடமாக இருக்கவேண்டிய ஒழுங்கு இது: வெள்ளை ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடி நீலத்தின் இருபுறமும் பிரிந்து நிற்பது பலருக்கு அழகில்லாமல் தெரியும். இந்த வீட்டில் பூட்டியவர் சோடிசோடியாக அடுக்கிவிட்டார், இரண்டு நுனியிலும் ஒரே மாதிரி. ரெஸ்ரரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் தரவு போய்வருவது 1, 2 ஆம் பற்களிலும் 3, 6 ஆம் பற்களிலும். இங்கே 3 இல் பச்சைச் சோடியின் வயர், 6 இல் நீலச் சோடியின் வயர். ஒன்றோடொன்று முறுக்காத இரண்டும் சோடியாக வேலைசெய்ய வேண்டியதாகிவிட்டது.

முறுக்குத்தான் இந்தக் கேபிளின் உயிர். வெளியிரைச்சல் முறுக்கிய இரண்டு வயரிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வாசிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக் கம்பிகளை இப்படி முறுக்கும் முறைக்கு கிரகாம் பெல் 1881 இல் காப்புரிமை பெற்றார். அந்த முறுக்கை இழந்த கேபிள் 10 இல் ஒருவாறு ஓடும், 100 இல் தடுமாறும். "ரெஸ்ரர் வயர் அறுந்திருக்கோ எண்டு மட்டும்தான் சொல்லும். நல்லா ஓடுமோ எண்டு சொல்லாது" என்றார் தம்பி.

பிறகு வயரைக் கத்தியால் சுரண்டினார். செம்புத் தோலின் கீழ் வெள்ளி நிறம். செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, வளைத்தால் முறியும், உப்பு நீர் பட்டால் செம்புக்கு முன் அலுமினியம் கரையும். நெற் கேபிள் தரவிதிகள் அதை ஏற்பதில்லை. முழுக் கேபிளையும் மாற்றினார். வெயில் தாங்கும் கறுப்பு உறை, முழுச் செம்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கவில்லை. சுவரில் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டார், மழைநீர் அதிலேயே சொட்டிவிடும். ரவுட்டரில் 100 விழுந்தது, வேகம் 38 இல் நின்றது.

வயர் முடிந்தால் கரண்ட். நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் தேசிய மின்வலையில் இல்லை, டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியவை. இந்த மூன்று தீவுகளுக்குமான சூரியசக்தியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச் 1 ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் ரவுட்டரின் அடப்ரர் பழுதாகும், அதுவும் "நெற் ஸ்லோ" என்றுதான் காதில் விழும். அதனால் அடப்ரரையும் அளந்து பார்த்த பிறகே பையை மூடினார்.

திரும்பும் வழியில் தன் தொழிலின் மனக்குறையைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த ரவுட்டர் வரும், ஆளில்லா வீட்டுக்குக் கமராக்கள் வரும். பேரம் பேசுவது கேபிளிலும் கூலியிலும். கரண்ட் வயர் இழுப்பவரையே நெற் கேபிளையும் இழுக்கச் சொல்வார்கள், வாசல் கமராவுக்கு நெற் கேபிளின் 100 மீற்றர் எல்லையைத் தாண்டியும் இழுக்கச் சொல்வார்கள். 2025 இல் இலங்கைக்கு ஸ்டார்லிங்க் செய்மதி நெற் வந்துவிட்டது. கடலைத் தாண்டுவது சுலபமாகலாம். ஆனால் அதன் அன்ரெனாத் தட்டிலிருந்து வீட்டுக்குள் வருவதும் ஒரு கேபிள்தான், அதன் நுனியிலும் உப்பு ஏறும்.

தீவுப்பகுதி இளைஞர்களுக்கு இந்த வேலையைச் சான்றிதழோடு கற்பிப்பது தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் பெரிய செலவில்லை. வீட்டுக்காரருக்கு ஒரு சொல்: பக்கேஜைக் கூட்டுமுன் கூரையிலும் ரவுட்டரிலும் வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் காசைக் கம்பனிக்குக் கட்டாதீர்கள். செம்புக் கேபிளுக்கும் அதை ஒழுங்காக இறுக்கத் தெரிந்தவருக்கும் கொடுங்கள்.