கூரைச் சாளரத்தின் திரை

ஒளியை வேண்டித் தவம் கிடப்போர் உலகில் பலர். இருளை வேண்டி ஏங்கிய நாட்களும் எங்கள் வாழ்வில் உண்டு.

2023 ஜூன் திங்களில், ஸ்காட்லாந்தில் வாழும் மகள் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். மருமகனிடம் பத்தாண்டுப் பழமையான ‘மோட்டார் ஹோம்’ ஒன்று இருந்தது. அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி யாவும் அடங்கிய வீட்டு வண்டி அது. அதில் எங்களையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு, இன்வர்னெஸ் நகரில் தொடங்கி வடகடலோரமாகச் சுற்றிவரும் ‘நார்த் கோஸ்ட் 500’ வழியில் புறப்பட்டார். 2015-இல் அறிமுகமான இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 830 கிலோமீட்டர்.

வட கோடியை அடைந்தபோதுதான் இரவின் அருமை புரிந்தது. ஜூன் மாதத்தில் அங்கே கதிரவன் இரவு பத்து மணிக்கு மேல் மறைந்து, காலை நாலரைக்கு முன்பே எழுந்துவிடுகிறான். நள்ளிரவிலும் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 8 பாகை அளவே தாழ்வதால், முழு இருள் கவிவதேயில்லை.

மருமகனின் படுக்கைக்கு நேர்மேலே, 40 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு கூரைச் சாளரம். அதன் உட்சட்டத்தில் இரு சுருள்திரைகள் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து ஒளி மறைக்கும் துணி வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து பூச்சி தடுக்கும் வலை வரும். இரண்டின் விளிம்புப் பட்டைகளையும் ஒரு சிறு பிளாஸ்டிக் கொக்கி இணைக்கும். அந்தக் கொக்கி உடைந்துபோயிற்று. துணியை இழுத்து மூடினால், உருளைக்குள் இருக்கும் சுருள்வில் அதை மறுகணமே தன்னிடம் இழுத்துக்கொண்டது. ஒட்டுநாடாவால் ஒட்டிய துண்டும் பின்னிரவில் அவர் முகத்திலேயே விழுந்தது.

“தூங்கினீர்களா, மாப்பிள்ளை?” என்று காலையில் கேட்டால், “அதெல்லாம் தூங்கினேன், மாமா” என்பார். கண்கள் வேறு சொல்லும்.

மூன்றாம் நாள் எரிபோல் என்னும் கடற்கழியை வளைந்து செல்லும் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ஒரே வண்டி செல்லத்தக்க அகலம், எதிரே வருவோருக்கு வழிவிட ஆங்காங்கே ஒதுங்கிடங்கள், கீழே கடல்நீர். ஒரு வளைவில் வண்டியின் இடச்சக்கரங்கள் புல்லில் இறங்கின. மகள் அலறினாள். மருமகன் திடுக்கிட்டு வண்டியைத் திருப்பினார். அவர் கண் ஒரு கணம் சொருகிவிட்டது. ஐந்து உயிர்கள் அந்த ஒரு கணத்தில் தொங்கின. உறக்கமின்மை ஒருவர் குறையன்று, ஐவர் ஆபத்து என்பதை உணர்ந்தோம்.

அன்று மாலை டர்னஸ் என்னும் சிற்றூரில் தங்கினோம். “கடையில் தொலைபேசியில் கேட்டேன், மாமா. கொக்கி மட்டும் கிடைக்காதாம், சட்டம் முழுவதையும் மாற்ற வேண்டுமாம், வர ஒரு வாரமாகுமாம்” என்றபடியே மருமகன் சட்டத்தைக் கழற்ற முனைந்தார். தடுத்தோம். முறுக்கிய சுருள்வில் கைதவறினால் ஒரேயடியாக அவிழ்ந்துவிடும்; மீண்டும் அளவாக முறுக்குவது வீட்டில் அமர்ந்து செய்யும் வேலை.

எங்கள் பெட்டியில் பாவாடை நாடா ஒரு முழம் இருந்தது. துணியின் பட்டையையும் வலையின் பட்டையையும் அவற்றின் கைப்பிடிகளில் சேர்த்துக் கட்டினோம். இரு சுருள்விற்களும் எதிரெதிரே இழுக்க, முடிச்சு இறுகி நின்றது. துணி முழுதும் மூடியது. வேண்டும்போது இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன. அன்றிரவு மருமகனின் குறட்டை எங்களுக்குத் தாலாட்டாயிற்று.

கொக்கி ஏன் உடைந்தது? அடுத்த நாள் வண்டியின் கையேட்டைப் புரட்டியபோது விடை கிடைத்தது. கடுவெயிலில் இத்திரையை முழுவதும் மூடலாகாது. மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்க வேண்டும். இல்லையேல் மேலேயுள்ள அக்ரிலிக் மூடிக்கும் திரைக்கும் இடையே வெப்பம் தேங்கிச் சாதனத்தைக் கெடுக்கும். பிளாஸ்டிக்கோ ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் நொறுங்கும் தன்மையது. பிறரை வெயிலினின்று காக்கும் பொருளை அந்த வெயிலே அரிக்கிறது.

தில்லிவாசிகளுக்கு இது புதிதன்று. முன்னாளில் கோடைதோறும் வாயிலில் வெட்டிவேர்த் தட்டி கட்டுவோம். அனற்காற்றைக் குளிர்விப்பது அதன் கடமை. ஓயாமல் அதற்கு நீர் தெளிப்பது வீட்டாரின் கடமை. தெளிக்க மறந்தால் தட்டி வெறும் வேராகிவிடும்.

குடும்பத்தில் நிழல் தருவோரும் இத்தகையோரே. முழுதும் மூடிக்கொண்டு எல்லாருக்காகவும் வெயிலைத் தாங்குகிறார்கள். விரிசல் கண்டாலும் “ஒன்றுமில்லை” என்கிறார்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள், நாம்தான் கவனிக்க வேண்டும்.

மறுநாள் முதல் எங்கள் பயணத்திட்டம் மாறியது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடுவதில்லை என்றும், நண்பகல் உணவுக்குப்பின் மருமகன் கட்டாயம் படுத்துறங்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம். பார்க்க எண்ணிய இரண்டு கோட்டைகள் விடுபட்டன, எவரும் வருந்தவில்லை.

இன்வர்னெஸ் திரும்பியதும் மருமகன் புதுச் சட்டம் வாங்கிப் பொருத்தினார். நாடாவை அவிழ்த்து எங்களிடம் தந்தபோது, “வெயில் நேரத்தில் ஒரு பங்கு திறந்தே வைக்கிறேன், மாமா” என்றார். “திரையை மட்டுமன்று, மாப்பிள்ளை” என்றோம்.