புலிக் காசு

அப்பத்தா கண்ணை மூடுவதற்கு முந்தின தீபாவளிக்கு எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு பழைய ரூபாய்க் காசு கொடுத்தாள். இரண்டிலும் ஒரு பக்கம் ராஜா தலை. என்னுடையது 1947, மறுபக்கம் புலி நடந்து போகும். தம்பியுடையது 1919, எழுத்தைச் சுற்றி ஒரு பூக்கொடி, அவ்வளவுதான். மூத்த பேரன் என்பதால் எனக்குப் புலி என்று ஐம்பது வருஷம் மிதப்பாக இருந்துவிட்டேன். போன மாதம் தம்பியின் பேத்தி ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தப் பொம்மையைப் பிடுங்கி என் காசின்மேல் வைத்தாள். ஒட்டிக்கொண்டது.

"தாத்தா, இது வெள்ளி இல்ல."

நிக்கல். 1939 வரைக்கும் ரூபாயில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. 1940-இல் அது பாதியானது. புலி வந்தபோது வெள்ளி சுத்தமாகப் போய்விட்டது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடன் வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். கடனை அடைத்தது சர்க்கார், ஏமாந்தது நான்.

காந்தம் சொல்வதும் பாதி சாட்சிதான். ஒட்டினால் வெள்ளி இல்லை, சரி. ஒட்டாவிட்டால்? செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. அதனால் நகைக்கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, மேலே தண்ணீர் டம்ளரை வைத்து, முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினேன். இரண்டு காசும் காற்றில் ஏறக்குறைய ஒரே எடை, பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று மேல். தண்ணீரில் தம்பி காசுக்குத் தராசு 1.13 காட்டியது, என் புலிக்கு 1.31; காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. அதே எடைக்கு அதிக இடத்தை அடைக்கிறது என் காசு. கனமில்லாத பெரிய மனுஷன்.

போடிக்காரனுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. ஏலக்காயை நாங்கள் எப்படி எடை போடுகிறோம்? ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்போம். 7 மில்லிமீட்டர்க் காய் லிட்டருக்கு 435 கிராம் நின்றால் முதல் தரம். 6 மில்லிமீட்டருக்கு 415. பார்வைக்குப் பச்சையாய், பருமனாய் இருந்துகொண்டு உள்ளே அரிசி வற்றிய காய் அளவில் தோற்றுவிடும். போடிமெட்டு ஏறி இறங்கும் ஜீப்புகளில் மூட்டை மூட்டையாய் வந்த காயை என் அப்பா கையில் அள்ளிக் காதோரம் குலுக்குவார். காய்ந்த காய் கலகலக்கும், ஈரக்காய் ஊமை. இப்போது ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. அதற்குக் காது இல்லை.

காது என்றதும் வண்ணக்கர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சங்கப் புலவர் பட்டியலில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று பெயர்கள் வரும். வண்ணக்கன் என்றால் காசு நோட்டம் பார்ப்பவன். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. வண்ணம் பாடுகிறவர் போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டியிருந்தேன். பகலெல்லாம் பிறத்தியார் வெள்ளியைச் சுண்டிக்கொண்டிருந்த ஆள், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாட்டுக் கட்டியிருக்கிறார்! அந்தக் காலத்து வெள்ளிக் காசில் ராஜா தலை கிடையாது, எழுத்து கிடையாது. தகட்டை வெட்டி, சூரியன், மரம், யானை என்று அடித்த முத்திரைகள்தாம். பல காசுகளின் முதுகில் பொடிப்பொடியாக வேறு முத்திரைகளும் இருக்கும். கைமாறிய இடத்தில் நோட்டம் பார்த்தவர்கள் குத்தியவை என்கிறார்கள். நான் பார்த்தேன், சரியாயிருந்தது என்று ஒரு குத்து. கலப்பும் அன்றே இருந்தது: அர்த்தசாஸ்திரம் சொல்லும் வெள்ளிப் பணத்தில் பதினாறில் நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு ஈயம் மாதிரி ஏதோ ஒன்று, வெள்ளி மிச்சம் பதினொன்று. மகா ராஜ்யங்களே கலந்தால் வண்ணக்கன் என்ன செய்வான், பாவம். எது சட்டப்படியான கலப்பு, எது திருட்டுக் கலப்பு என்று காதால் பிரித்திருப்பான்.

அப்படிப்பட்ட முத்திரைக் காசுப் புதையல் ஒன்று எங்கள் போடியிலேயே கிடைத்திருக்கிறது. பின்பக்கம் மீன் போன்ற கீற்று. ஆகவே பாண்டியர் காசு என்கிறார்கள். மலையடிவாரத்தில் இத்தனை வெள்ளியைப் புதைத்தவன் எந்தச் சரக்கை விற்றான்? மிளகா, தேக்கா? ஏலக்காய் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆதாரம் கிடையாது.

அப்பத்தாவும் ஒரு வண்ணக்கிதான். எந்தக் காசு வந்தாலும் ஆட்டுக்கல்லின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். நல்ல வெள்ளி 'ணங்' என்று இழுத்துக்கொண்டு போகும். மற்றது 'டக்'கோடு நின்றுவிடும். தட்டிவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாள், சுருக்குப்பையில் எந்தப் பக்கம் போடுகிறாள் என்பதை வைத்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தீபாவளிக்கு, எங்கள் கையில் கொடுக்கும் முன் இரண்டையும் தட்டிப் பார்த்தாளா? தம்பியிடம் கேட்டேன். "உனக்குப் புலி வேணும்னு நீதானேண்ணே அழுத?" என்கிறான்.